மாமா ‘செக்’ என்றார், நான் செக் பண்ணினேன்

செஞ்சிப் பக்கத்துப் பாறையைப் பற்றி எழுதச் சொல்லி நாலு பேர் கேட்டிருந்தீர்கள். எந்த பஸ், எவ்வளவு தூரம், எத்தனை மீட்டர், எத்தனை போல்ட் என்று எல்லாம் வேண்டும் உங்களுக்கு. எழுதுகிறேன். ஆனால் வழக்கம்போல் சிரித்துக்கொண்டே எழுத இந்த முறை முடியாது. ஒரு மாதமாகக் கோபத்தில் இருக்கிறேன். அந்தப் பாறையில் கயிறு மாட்டும் போல்ட்களைக் கண்டபடி அடித்த புண்ணியவான்கள் மேல் கோபம், என் அக்கா வீட்டுக்காரர் மேல் கோபம், என் மேல் கோபம். வரிசை மட்டும் நாளுக்கு நாள் மாறுகிறது. ‘ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு’ என்று கமென்ட் போடலாம் என்று யாராவது நினைத்தால் வேண்டாம், அழித்துவிடுவேன்.

ஏன் போனோம் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். என் அக்கா கலாவின் வீட்டுக்காரர் அந்துவான் மாமா பிரான்சில் இருந்து ஆறு வார லீவில் வந்திருந்தார். புதுச்சேரியில் ‘சொல்தா’ என்றால் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர் என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மாமா பத்து வருஷம் சொல்தா. பாறை ஏறுவதை அங்கே, பனிமலைப் பயிற்சியில் கற்றவர். நான், கலாவின் தங்கை, புதுச்சேரியிலேயே சாரம் பகுதியில் ஒரு கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறேன். ஞாயிறு மட்டும் லீவு. ஆறு வருஷமாக ஏறுகிறேன், கற்றது பயிற்சிச் சுவரிலும் பெங்களூரு பக்கத்துப் பாறைகளிலும். ஆக இரண்டு பேருக்கும் ஏறத் தெரியும். இரண்டு பேரும் சேர்ந்து ஒரு நாளும் ஏறியதில்லை.

ராணுவத்தை விட்டு வந்த பிறகு மாமாவுக்கு அங்கே நிலையான வேலை கிடைக்கவில்லை. கிடங்கு வேலை, மூன்று பேரோடு ஓர் அறை. அக்காவும் ஒன்பது வயதுப் பெண்ணும் இங்கே புதுச்சேரியில், கருவடிக்குப்பத்தில். நாலு வருஷமாக இப்படி. இந்த முறைதான் ஒரு நல்ல சேதியோடு வந்தார். உயரமான கட்டடங்களில் கயிற்றில் தொங்கிக்கொண்டு வெளிச்சுவரைச் செப்பனிடும் வேலை, நிரந்தரம். மார்ச் முதல் வாரம் உடல் தகுதித் தேர்வு, அது ஒன்றுதான் பாக்கி. அதில் தேறினால் வீடு எடுத்து அக்காவையும் பெண்ணையும் கூட்டிப்போய்விடலாம். அக்கா பெட்டிகூட வாங்கி வைத்துவிட்டாள். தேர்வுக்கு முன்னால் கொஞ்சம் பழகிக்கொள்ள வேண்டும், எங்கேயாவது கூட்டிப் போ என்று மாமா கேட்டார். அக்கா என்னைத் தனியாகச் சமையலறைக்குக் கூப்பிட்டாள்.

“நீ இருக்கறதாலதான் அனுப்பறேன். கயிறு நீதான் புடிக்கணும், வேற யாருகிட்டயும் குடுக்கக்கூடாது. போன மனுசன அப்படியே கொண்டாந்து விடு” என்றாள்.

“இன்னாக்கா, ஆறு வருசமா இன்னா பண்றேன் நானு” என்றேன்.

பொங்கல் கழிந்து இரண்டாவது ஞாயிறு. புதுச்சேரி பஸ் ஸ்டாண்டில் காலை 5.20க்குத் திண்டிவனம் பஸ். மேற்குப் பார்த்த பாறை அது. காலை பதினொன்றரை வரைதான் நிழல், அதன் பிறகு தோசைக்கல். அதனால் எட்டேகாலுக்குள் அடிவாரத்தில் நிற்க வேண்டும் என்று முந்தின நாளே இரண்டு தடவை சொல்லியிருந்தேன். நான் 5.10க்கு நின்றேன். அறுபது மீட்டர் கயிறு ஒரு தோளில், கருவிப் பை இன்னொரு தோளில், டிபன் தூக்கு கையில். போன் போட்டால் “தோ பத்து நிமிசம்”. அடுத்த தடவையும் பத்து நிமிஷம். மூன்றாவது தடவை எடுக்கவே இல்லை. பஸ் போயிற்று, அடுத்த பஸ்ஸும் போயிற்று. மனிதர் 6.05க்கு வந்தார், அக்குளில் நீட்டு ரொட்டி ஒன்றை இடுக்கிக்கொண்டு.

“பேக்கரிக்காரன் அஞ்சரைக்குத்தான் தொறந்தான். சூடா இருக்கு பாரு” என்றார்.

ஐம்பத்தைந்து நிமிஷம். ரொட்டிக்காக. நான் நாலு மணிக்கு எழுந்து அவல் உப்புமா கிளறி எடுத்து வந்திருந்தேன். அதைச் சொன்னேன். தூக்கைத் திறந்து பார்த்துவிட்டு, “மலைக்கு அவலா? குசேலரா நீ?” என்று சிரித்தார். பக்கத்தில் நின்ற கண்டக்டரும் சிரித்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. 6.10 பஸ்ஸில் முன்னால் ஒரு சீட்டில் நான், பின்னால் ஒரு சீட்டில் அவர். திண்டிவனம் வரை ஒரு மணி பத்து நிமிஷம், ஆளுக்கு முப்பத்தைந்து ரூபாய். ஒரு வார்த்தை பேசவில்லை. என் குணம் அது. சின்ன வயதில் அக்காவோடு சண்டை போட்டால் மூன்று நாள் பேச மாட்டேன். வாயைத் திறந்தால் தோற்றது போல் இருக்கும்.

திண்டிவனத்தில் இருந்து செஞ்சி பஸ் 7.30. செஞ்சிக்கு முன்னாலேயே ஒரு கூட்டு ரோட்டில் இறங்க வேண்டும். முக்கால் மணி நேரம். அங்கிருந்து ஊருக்கு ஆறு கிலோமீட்டர், ஆட்டோ இருநூற்றைம்பது கேட்டார், இருநூறுக்கு வந்தார். ஊர்ப் பெயரை நான் எழுதப்போவதில்லை. காரணம் கீழே வருகிறது. நிஜமாகப் போக நினைப்பவர்கள் தனியாகக் கேளுங்கள், யார் என்று பார்த்துச் சொல்கிறேன்.

ஆட்டோக்காரருக்குக் கயிற்றைப் பார்த்ததும் வாய் சும்மா இருக்கவில்லை.

“மேல போயி இன்னா பண்ணுவீங்க?”

“எறங்கி வருவோம்” என்றார் மாமா.

“அதுக்குப் போவாமலே இருக்கலாமே சார்.”

வேறு ஒரு நாளாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். அன்றைக்கு மாமா சிரித்ததால் நான் சிரிக்கவில்லை.

ஊர் முடிகிற இடத்தில் ஒரு புளியமரம். போனுக்கு சிக்னல் அங்கே மட்டும்தான் கிடைக்கும், நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து நிலக்கடலை போட்ட மணிலாக்கொல்லை வரப்பில் ஒன்றேகால் கிலோமீட்டர் நடை, சுமையோடு அரை மணி. அடிவாரத்தில் ராணி என்று ஓர் அம்மா ஆடு மேய்த்துக்கொண்டிருந்தார். போன வருஷமே எனக்குப் பழக்கம்.

“வா கண்ணு. போன மாசம் ஒரு கும்பலு வந்து ரெண்டு நாளு மெசின வச்சி கல்லத் தொள போட்டுச்சு. ஆடெல்லாம் மெரண்டு கொல்லையில எறங்கிப் பூட்டுது. ஏன்னு கேட்டா, பாதுகாப்புக்காம். யாருக்குப் பாதுகாப்பு?” என்றார்.

பார்த்தேன். வயிறெரிந்தது. இந்தப் பாதை இரண்டு விதமும் கலந்தது. கீழ்ப்பாதி இருபத்தைந்து மீட்டர் நல்ல விரிசல். அதற்குள் ‘கேம்’ என்கிற கருவியை நுழைத்தால் விரிந்து பிடித்துக்கொள்ளும், கயிற்றை அதில் மாட்டிக்கொண்டு ஏறலாம், இறங்கும்போது கழற்றிக்கொள்ளலாம். பாறைக்கு ஒரு கீறல் விழாது. மேல்பாதி இருபத்திரண்டு மீட்டர் மொழுமொழு பாறை. விரிசல் குறைவு, அதனால் அங்கங்கே போல்ட் அடித்தே ஆக வேண்டும். பழைய போல்ட் ஏழு இருந்தன, அளவாக. இந்தக் கும்பல் கை நுழைகிற விரிசலுக்குப் பக்கத்திலேயே புதிதாக நாலு அடித்திருந்தது. மேலே, தேவையான இடத்திலோ, இருந்த ஒன்றைப் பிடுங்கி ஓர் எட்டு தள்ளி அடித்திருந்தது. ஆறடி ஆளுக்கு எட்டும், மற்றவர் எக்கிக்கொண்டு நிற்க வேண்டியதுதான். பலகார பாக்கெட்டுகளும் தண்ணீர் பாட்டில்களும் அடிவாரத்தில் கிடந்தன. இதை ‘சுலபமான பாதை, அருமையான போல்ட்கள், எல்லாரும் வரலாம்’ என்று படத்தோடு போட்டிருக்கிறார்கள். ஊர்ப் பெயரை நான் ஏன் சொல்லவில்லை என்று இப்போது தெரிகிறதா?

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். யாரோடு ஏறினாலும் கீழே நின்று இரண்டு நிமிஷம் பேசிக்கொள்வோம். முடிச்சைப் பார்ப்பது, இடுப்பு வாரைப் பார்ப்பது, பிறகு எந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று ஒரு தடவை சொல்லிப் பார்ப்பது. மேலே போன ஆளுக்கும் கீழே கயிறு பிடிக்கிற ஆளுக்கும் நடுவில் இருப்பது அந்த நாலைந்து சொற்கள்தான். அன்றைக்கு நான் அவர் முடிச்சைப் பார்த்தேன், அவர் என் முடிச்சைப் பார்த்தார். ஆஸ்பத்திரியில் டோக்கன் பார்க்கிற மாதிரி பார்த்தோம். சொற்களைப் பற்றிப் பேசவில்லை. அவர் ஆரம்பிக்கட்டும் என்று நான் இருந்தேன். அவரும் அப்படித்தான் இருந்திருப்பார்.

9.25க்கு நான் முதலில் ஏறினேன். விரிசல் அருமை. கை முஷ்டி அழகாக உட்காருகிறது, கால் வைக்கப் படி படியாக இருக்கிறது. ஐந்து கேம் வைத்தேன், புது போல்ட் ஒன்றில்கூடக் கயிறு மாட்டவில்லை. இருபத்தைந்து மீட்டர் மேலே ஒரு திட்டு. பழைய போல்ட் இரண்டு இருக்கின்றன, நல்ல நிலை. அவற்றில் என்னைக் கயிற்றால் கட்டிக்கொண்டு, மாமாவை வரச் சொல்லிக் கயிற்றை மேலே இழுத்துப் பிடித்தேன். இந்தப் பகுதி புதிதாக வருபவர்களுக்கும் பயமில்லை. நிதானமாக ஏறினால் ஆளுக்கு முக்கால் மணி.

மாமா பாதி ஏறியதும் கீழே இருந்து “அவல்” என்று சத்தம் கேட்டது. எட்டிப் பார்த்தேன். அவர் பாறையோடு ஒட்டிக்கொண்டிருந்தார், முகம் தெரியவில்லை. கொஞ்சம் கழித்து மறுபடி, “அவல், அவல்” என்றார்.

பாதிப் பாறையில் நின்றுகொண்டுமா கிண்டல்? எனக்குக் காது சுட்டது. நாலு மணிக்கு எழுந்து சமைத்தவளை இவ்வளவு தூரம் துரத்தி வந்து குத்துகிறாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டு கயிற்றை இழுத்தேன். அவர் திட்டுக்கு வந்து சேர்ந்ததும், “கயிறு ரொம்பத் தொங்குச்சு” என்றார். நான் பதில் சொல்லவில்லை. அந்த இடத்தில் “எதுக்கு அவல் அவல்னு கத்துனீங்க” என்று ஒரு கேள்வி கேட்டிருந்தால் இந்தப் பதிவே இருந்திருக்காது.

மணி 11.15. மேல்பாதி அவர் முறை. என் இடுப்பில் சின்ன கேம் மூன்று தொங்கின. மேலே போல்ட் எட்டாத அந்த இடத்தில் விரல் நுழைகிற கீறல் ஒன்று இருக்கிறது, அதற்குச் சின்ன கேம் கச்சிதம் என்று எனக்குத் தெரியும். போன வருஷம் வைத்திருக்கிறேன். அவர் கேட்டால் கொடுக்கலாம் என்று இருந்தேன். “போல்ட்டுதானே” என்று, போல்ட்டில் கயிற்றை மாட்டும் கொக்கிகளை மட்டும் எடுத்துக்கொண்டு அவர் ஏற ஆரம்பித்தார். கேட்கவில்லை. நானும் கொடுக்கவில்லை.

ஏழு மீட்டர் மேலே புல் முளைத்த சின்ன விளிம்பு ஒன்று உண்டு. அதைத் தாண்டி இன்னும் கொஞ்சம் ஏறி, இடுப்பு உயரத்தில் ஒரு போல்ட்டில் கயிற்றை மாட்டினார். அதுவரை ஒரு குறையும் இல்லை, பூனை மாதிரி போனார். அடுத்ததுதான் தள்ளி அடித்த போல்ட். அதில் மாட்டக் கயிற்றை மேலே இழுத்தார், நான் தளர்த்திக் கொடுத்தேன். எக்கினார், எட்டவில்லை. இன்னொரு தடவையும் எட்டவில்லை. கை சோர்ந்து, இழுத்த கயிற்றைக் கீழே விட்டுவிட்டார். இப்போது இரண்டு மீட்டருக்கு மேல் கயிறு தளர்ந்து தொங்குகிறது. வெயில் பாறை உச்சியைத் தாண்டி இறங்கிவிட்டது. அவர் கால் நடுங்குவது கீழே இருந்தே தெரிந்தது.

“செக்” என்று கத்தினார்.

எங்கள் பயிற்சிச் சுவரில் யார் செக் என்று சொன்னாலும் ஒரே அர்த்தம்தான். உன் பூட்டைப் பார், கயிறு போகும் கருவியின் கொக்கி பூட்டியிருக்கிறதா என்று பார். ஆறு வருஷப் பழக்கம், மூளைக்கு வேலையே இல்லை. வலது கை கயிற்றை இறுகப் பிடித்தபடியே இருந்தது. கண் மட்டும் கீழே போயிற்று. பூட்டு பூட்டித்தான் இருந்தது. நிமிர்வதற்குள் மாமா வந்துகொண்டிருந்தார்.

கயிறு அவரைப் பிடித்தது, நான் பிடித்தேன். ஆனால் தளர்ந்திருந்த கயிறு இறுகுவதற்குள் வலது கால் விளிம்பில் இறங்கிவிட்டது. மட்டையில் தேங்காய் விழுகிற மாதிரி ஒரு சத்தம். அதன் பிறகு அவர் பிரெஞ்சில் திட்டினார், அதற்கப்புறம் தமிழில் அம்மா என்றார்.

மீட்டுக் கொண்டுவந்ததை நீட்டவில்லை. அவரைத் திட்டு வரை மெல்ல இறக்கினேன். காலணியைக் கழற்றவில்லை, கழற்றாதீர்கள். என் துப்பட்டாவால் கணுக்காலோடு சேர்த்துக் கட்டினேன். அறுபது மீட்டர் கயிறு இருந்ததால் இரட்டையாகப் போட்டு இருவரும் ஒன்றாகக் கீழே இறங்க முடிந்தது. ஐம்பது மீட்டர் கயிறோடு வருகிறவர்கள் இந்த ஒரு வரியை மட்டுமாவது இன்னொரு முறை படியுங்கள். அடிவாரம் வர ஐம்பது நிமிஷம் ஆயிற்று. ராணியம்மா சத்தம் கேட்டதுமே ஓடிப்போய்த் தன் கொழுந்தனாரையும் இன்னொருவரையும் கயிற்றுக் கட்டிலோடு கூட்டி வந்திருந்தார். வரப்பில் நாலு பேரும் தூக்கினோம். புளியமரத்தடியில் மணிலா மூட்டை ஏற்றிக்கொண்டு ஒரு குட்டியானை வண்டி நின்றது. மூட்டைமேல் மாமாவைப் படுக்க வைத்தோம். கொழுந்தனாரிடம் பணம் நீட்டினேன், வாங்கவில்லை. “போயி கால பாருங்கம்மா” என்றார்.

வண்டி நகர்ந்த பிறகுதான் இருவரும் பேசினோம். காலையில் இருந்து முதல் தடவையாக.

“ஏன் புடிக்கல?” என்றார்.

“புடிச்சேன். செக்னு சொன்னீங்க, செக் பண்ணேன்.”

“இன்னாத்த செக் பண்ண?”

“பூட்ட.”

என்னையே பார்த்தார். “செக்னா கயித்த இறுக்கிப் புடின்னு அர்த்தம்.”

“யாருக்கு?”

மூட்டைமேல் கையூன்றி நிமிர்ந்தார். பிறகு சொன்னார். பிரெஞ்சில் செக் என்றால் காய்ந்தது, பாறை ஏறுகிறவர்களுக்கு ‘கயிற்றைத் தொய்வில்லாமல் இறுக்கு’. ராணுவத்தில் பத்து வருஷம் அதைத்தான் கத்தினார்களாம். பயம் வந்ததும் வாயில் அதுதான் வந்திருக்கிறது.

“அப்போ அவல்?” என்றேன்.

“விழுங்கு. தொங்கற கயித்த விழுங்குன்னு.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். கால் வலித்ததால் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிளஸ் டூவில் மார்க்குக்காகப் பிரெஞ்சு எடுத்து நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கியவள் நான். தெருப் பெயரில் இருந்து ரொட்டி வரை பிரெஞ்சு கலந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள். விழுங்கு என்ற சொல் காதில் விழுந்தபோது உப்புமா என்று நினைத்திருக்கிறேன். எதற்கு அந்த மார்க், நாக்கு வழிக்கவா?

செஞ்சியில் கட்டுப் போட்டு, வாடகைக் காரில் புதுச்சேரி வந்து சேர்ந்தபோது மாலை ஐந்தரை. காருக்கு இரண்டாயிரத்து இருநூறு. குதிகால் எலும்பு இரண்டாகப் பிளந்திருந்தது. மூன்று மாதம் காலை ஊன்றக்கூடாது, அதன் பிறகுதான் மற்றது என்றார் டாக்டர். மார்ச் முதல் வாரத் தேர்வு அங்கேயே போயிற்று. ஸ்ட்ரெச்சர் தள்ளிய ஆள், “கயிறு யாரு புடிச்சாங்க?” என்று கேட்டார். நான் என்றேன். “லேடீஸா?” என்றார். இந்தக் கேள்விக்கு ஆறு வருஷமாக என்னிடம் ஒரு பதில் உண்டு, கேட்டவர் அதற்குப் பிறகு யாரிடமும் கேட்க மாட்டார். அன்றைக்கு அது வாயில் வரவில்லை. அந்த ஆள் மேல் இன்னும் கோபம் இருக்கிறது.

இனி அறிவுரை. நவம்பர் கடைசியில் இருந்து பிப்ரவரி வரை போங்கள். முதல் பஸ்ஸில் போங்கள், வராதவரை விட்டுவிட்டுப் போங்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர். கயிறு அறுபது மீட்டர்தான். கேம் விரல் அளவில் இருந்து முஷ்டி அளவு வரை ஆறு, கொக்கிகள் பத்து. தலைக்கவசம் இல்லாமல் வருகிறவர்களைத் திருப்பி அனுப்புங்கள். புது போல்ட்களில் இரண்டு இப்போதே ஆடுகின்றன, அவற்றில் மாட்டாதீர்கள். குப்பையைத் திரும்ப எடுத்து வாருங்கள், ராணியம்மாவின் ஆடு பிளாஸ்டிக் தின்கிறது. துளை போடும் மெஷினோடு போகிறவர்கள் என் பதிவைப் படித்துவிட்டுப் போக வேண்டாம்.

எல்லாவற்றுக்கும் மேல், ஜோடி எங்கே கற்றவர் என்று கேளுங்கள். இறுக்கு என்பதற்கு அவர் ஊரில் என்ன சொல்வார்கள், தளர்த்து என்பதற்கு என்ன என்று கேளுங்கள். ஒரு சொல் வித்தியாசமாகக் காதில் விழுந்தால் ஏறுவதை நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். முகத்தில் முழிக்கப் பிடிக்காவிட்டாலும் கேளுங்கள். அதுவும் முடியாத அளவுக்குக் கோபம் என்றால் கயிற்றைப் பையில் போட்டுக்கொண்டு கூட்டு ரோட்டுக்கு நடங்கள். திண்டிவனத்துக்கு அரை மணிக்கு ஒரு பஸ் வருகிறது.

இதோடு முடித்திருக்கலாம். முடிக்க விடாமல் அரித்துக்கொண்டிருப்பது இன்னொன்று. மாமா வீட்டில் எல்லாரிடமும் “என் கால் வழுக்கிடுச்சு” என்றே சொல்லிவிட்டார். கயிற்றைப் பற்றி ஒரு பேச்சு இல்லை. அதில் எனக்கு இன்னும் ஆத்திரம். பெரிய மனது காட்டுகிறாராம், யார் கேட்டது? ஒரு வாரம் அக்கா என்னைத் தாங்கு தாங்கு என்று தாங்கினாள். நீ கயிறு புடிச்சதாலதான் மனுசன் உசுரோட வந்தாரு என்று அக்கம் பக்கத்தில் எல்லாம் சொல்லி வைத்திருந்தாள். பெரிய மார்க்கெட்டுக்குப் போய் எனக்குப் பிடிக்கும் என்று வஞ்சிரம் வாங்கி வந்து குழம்பு வைத்து, தட்டில் தலைத்துண்டைப் போட்டாள். என்னால் முடியவில்லை. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். செக்கையும் அவலையும், கேட்டால் கொடுக்கலாம் என்று வைத்திருந்த மூன்று கேமையும்.

“விடு கலா, யாருக்கும் தெரியாதது” என்றார் கட்டிலில் இருந்து மாமா.

அக்கா அவர் பக்கம் திரும்பவில்லை. “அவல்னு சொன்னப்ப ஏன் கேக்கல?” என்றாள்.

“கோவம்.”

“இன்னா கோவம்?”

“லேட்டா வந்தாரு.”

“எவ்ளோ நேரம்?”

“ஒரு மணி நேரம். ஒரு மணி நேரமா பஸ் ஸ்டாண்டுல காத்துக்குனு நின்னேன்க்கா.”

அக்கா சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன்.

“நான் நாலு வருசமா நிக்கறேன்” என்றாள்.

பிறகு என் தட்டில் ஈ மொய்க்காமல் ஒரு மூடியை எடுத்து மூடிவிட்டு, பெண்ணை டியூஷனில் இருந்து கூட்டிவரக் கிளம்பிப் போனாள்.